மீள்பாதிப்புக் கணிப்பு

குற்றத்துக்கு ஒருமுறை ஆளானவர் மீண்டும் ஆளாகக்கூடுமா என்று முன்கூட்டியே மதிப்பிடுவது மீள்பாதிப்புக் கணிப்பு. முந்தைய பாதிப்பே அடுத்ததற்கான வலுவான அறிகுறி. முதல் சம்பவத்துக்குப் பிந்தைய சில வாரங்களில்தான் ஆபத்து மிகுதி. இங்கிலாந்தின் ராச்டேல் நகரிலுள்ள கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களில் தொடங்கிய திட்டம், ஏற்கெனவே திருட்டு நடந்த வீடுகளுக்கே முதலில் பாதுகாப்பைப் பலப்படுத்தியது. திருட்டு பெருமளவு குறைந்தது.

இந்தியாவில் இத்தகைய மதிப்பீட்டுக்குச் சட்ட வடிவம் தந்தது, உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம். பாதிக்கப்பட்டவரே பெரும்பாலும் முதன்மைச் சாட்சி என்பதால் இது அவருக்கும் அரண். உட்கோட்டக் காவல் துணைக் கண்காணிப்பாளர் அச்சுறுத்தலை ஆராய்ந்து அறிக்கை தருவார். உயிருக்கு ஆபத்து இருந்தால் அந்த அச்சுறுத்தல் மிகக் கடுமையான 'அ' வகையில் சேரும். பாதுகாப்பு தருவது குறித்து மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவெடுக்கும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால், ராஜபாளையத்தில் நடந்த குற்றத்தின் சாட்சி தரும் மனுவும் அங்குள்ள மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடமே செல்ல வேண்டும்.

குடும்ப வன்முறையில் கணிப்பு இன்னும் அவசரமானது. கழுத்தை நெரித்தது, கொலை மிரட்டல், பெண் பிரிந்து செல்ல முயல்வது ஆகியவை உயிராபத்தைச் சுட்டுபவை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் இவற்றைக் கேட்டுப் பதிவுசெய்வது இன்றியமையாதது. புகார் தராதவர் பெரும்பாலும் கணக்கில் வரமாட்டார் என்பதே மீள்பாதிப்புக் கணிப்பின் பெருங்குறை.