புல்லுக்கு அடித்த மருந்தின் கதை



யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர்களுக்குக் 'கிரமக்சோன்' நினைவிருக்கும். நல்ல வெயிலில் காலையில் அடித்தால் பின்னேரமே புல்லு வாடிவிடும். ஏன் அவ்வளவு வேகம்?

ஒளித்தொகுப்பில் இலை, நீரிலிருந்து இலத்திரன்களை எடுத்துப் படிப்படியாகக் கைமாற்றி உணவு ஆக்குகிறது. வெயில் மிஞ்சினால், கூடுதல் சக்தியை வெப்பமாக வெளியேற்றி அந்த ஓட்டத்தை இலையே மட்டுப்படுத்தும். கிரமக்சோனில் உள்ள பரகுவாட் அந்த ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் இலத்திரனைப் பறித்து ஒட்சிசனுக்குக் கொடுக்கிறது. அப்படி உருவாகும் நச்சு ஒட்சிசன் கல மென்சவ்வுகளைச் சிதைக்கும். வெயில் கூடக்கூட அழிவும் கூடும்.

1882இல் முதலில் தயாரிக்கப்பட்ட இந்தச் சேர்வை, 1930களில் ஆய்வுகூட நிறங்காட்டியாக இருந்தது. 1962இல் களைநாசினியாகச் சந்தைக்கு வந்தது. புல்லை அழித்த அதே தாக்கம் மனித நுரையீரலையும் அழித்தது. நம் நாட்டில் எத்தனையோ வீடுகள் அதனால் பிள்ளைகளை இழந்தன.

2008இல் தொடங்கி 2011க்குள் அரசு அதைப் படிப்படியாகத் தடைசெய்தது. 2011க்கும் 2015க்கும் இடையில் பீடைகொல்லித் தற்கொலைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பயந்ததுபோல விளைச்சல் விழவில்லை.

ஒளித்தொகுப்புப் பாடம் எடுக்கும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். வீட்டில் எந்த மருந்து இருந்தாலும் பூட்டி வையுங்கள். மனம் உடைந்தவர் பக்கத்தில் இருந்தால், கூட இருந்து பேசுங்கள்.