மூட்டை வந்த வழி

பண்டில் பிறந்தது பிரவுசருக்காக. நூறு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் இருந்தால் நூறு தடவை சர்வரிடம் கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் ஒரு நடையில் வேலை முடியும். 2012-இல் வந்த வெப்பேக் இந்த வேலையில்தான் பேர் வாங்கியது. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்ட 2009-இல் ரயன் டால் உருவாக்கிய நோட் ஜேஎஸ்ஸுக்கு மூட்டை எதற்கு? ஃபைல்கள்தான் அதே டிஸ்க்கில் கிடக்கின்றனவே.

கிடந்தாலும் தேட வேண்டுமே. நோட்டில் ஃபைல்களை வரவழைக்கும் ரிக்வயரிடம் பக்கத்தில் உள்ள 'கணக்கு' என்ற ஃபைலைக் கேட்டுப் பாருங்கள். முதலில் அதே பெயரில் தேடும். இல்லையா? பின்னால் 'ஜேஎஸ்' ஒட்டிப் பார்க்கும், பிறகு 'ஜேசான்', பிறகு 'நோட்'. அதுவும் இல்லையென்றால் அந்தப் பெயரில் ஃபோல்டர் உண்டா என்று நுழையும். லைப்ரரி என்றால் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை இங்கே, ஒரு படி மேலே, அதற்கும் மேலே என்று ரூட் வரை தேடிக்கொண்டு ஏறும். கிடைக்கும் வரை அடுத்த வரி நகராது.

மாதக்கணக்கில் ஓடும் சர்வருக்கு இது ஒருநாள் கூத்து. 2014 நவம்பரில் அமேசான், கேட்கும்போது மட்டும் கோடை ஓட்டும் லாம்ப்டாவை அறிவித்தபோது கதை மாறியது. அங்கே ப்ராசஸ் அடிக்கடி பிறக்கும், வேலையில்லாவிட்டால் சாகும். ஒவ்வொரு பிறப்பிலும் அதே தேடல். கோல்டு ஸ்டார்ட் என்று எல்லோரும் புலம்புவதில் இதற்கும் பங்குண்டு. ஏற்றும் கோடு ஜிப்பை விரித்தால் 250 எம்பியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வேறு. பிரவுசர் மூட்டை சர்வருக்குக் குடிவந்தது இப்படித்தான். 2020-இல் இவான் வாலஸின் இஎஸ்பில்ட் வந்தபின் கட்டும் நேரமும் கண்ணிமைப்பாகிவிட்டது.

ஆனால் மூட்டைக்கும் கனம் உண்டு. எப்போதோ ஒருமுறை தேவைப்படும் பிடிஎஃப் லைப்ரரியும் உள்ளே இருந்தால், ஒவ்வொரு பிறப்பிலும் நோட்டின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான வி8 அதையும் மேலோட்டமாகவாவது படித்தாக வேண்டும். ரிக்வெஸ்ட்கள் ஓடத் தொடங்கிய பிறகோ பெரிய வித்தியாசம் இருக்காது. சூடான ஃபங்ஷனை வி8 எப்படியும் மெஷின் கோடாக்கிவிடும். ஆகவே ஓயாமல் ஓடும் சர்வருக்கு மூட்டை கட்டுவது வீண் வேலை என்பது என் கட்சி.

ஒரு ராத்திரி எனக்கு வந்த எரர் முதல் வரியைக் காட்டியது. சுருக்கிக் கட்டியதால் மொத்த மூட்டையுமே ஒரே வரி! மூட்டையின் வரியை மூல ஃபைலோடு இணைத்துக் காட்டும் சோர்ஸ் மேப்பைப் போட்ட பிறகுதான் உண்மையான இடம் தெரிந்தது. அதைப் படிக்கவும் நேரமும் மெமரியும் செலவு.

படத்தைச் சுருக்கும் ஷார்ப் மட்டும் எந்தக் கட்டுக்கும் அடங்கவில்லை. உள்ளே சி++ பைனரி. அது இன்றும் நோட் மாட்யூல்ஸிலேயே, மூட்டைக்குப் பக்கத்தில் தனியாகப் பயணிக்கிறது.