திறன்பேசியின் தடிமனும் மின்கலமும்: ஒரு வரலாறு

திறன்பேசியின் தடிமன், மின்கலத்தின் கொள்ளளவு, உட்பாகங்களுக்குக் கிடைக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் மாறும். கைபேசி நிறுவனங்கள் நீண்ட காலமாக மெலிவைப் பெருமையாக விளம்பரப்படுத்தி வந்துள்ளன. ஆயினும் குறைந்த ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மின்கலத்தின் ஆயுள், செருகுதுளை, உடலின் உறுதி, பழுதுபார்க்கும் வசதி என ஏதோவொன்று விலையாகச் சென்றுள்ளது. அந்த விலையைப் பெரும்பாலும் பயனரே கொடுத்தார். எது எப்போது விலையானது என்பதை இக்கட்டுரை காலவரிசையில் விளக்குகிறது.

இடக் கணக்கு

திறன்பேசியின் முன்புறம் கண்ணாடியும் திரையும் உள்ளன. பின்புறம் மூடி உள்ளது. இவற்றின் தடிமனை ஓரளவுக்கு மேல் குறைக்க இயலாது. நடுவில் எஞ்சும் இடத்தில் பெரும்பகுதி மின்கலத்துக்குச் செல்கிறது. எடுத்துக்காட்டாக, 7 மி.மீ. தடிமனுள்ள கருவியில் திரையும் மூடியும் 3.5 மி.மீ. எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். மின்கலத்துக்கு 3.5 மி.மீ. மிஞ்சும். கருவியின் தடிமனில் 1 மி.மீ. குறைத்தால், அந்த 1 மி.மீ. முழுவதும் மின்கலத்திலிருந்தே போகும். கையில் பிடிப்பவருக்குக் கருவி ஏழில் ஒரு பங்கு மெலிந்ததாகத் தெரியும். மின்கலமோ ஏறத்தாழ 30 விழுக்காடு சுருங்கிவிடும்.

சில்லுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் சிறுத்து, வேகமும் கூடின. மின்கலம் அப்படி வளரவில்லை. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி மின்கலத்தின் அடிப்படை வேதியியலே இன்றும் தொடர்கிறது. அதை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அதன் ஆற்றல் அடர்த்தி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகவே உயர்ந்து வந்துள்ளது. எனவே கூடுதல் மின்சாரம் வேண்டுமெனில் கூடுதல் இடம் வேண்டும் என்ற விதி பெரும்பாலும் மாறவில்லை.

தொடக்கக் காலம்

1983இல் விற்பனைக்கு வந்த மோட்டோரோலாவின் டைனாடாக் 8000எக்ஸ் கிட்டத்தட்ட முக்கால் கிலோ எடை கொண்டது. அதில் அரை மணி நேரம் பேசலாம். மின்னேற்றம் செய்யப் பத்து மணி நேரம் ஆகும். 2000இல் வெளிவந்த நோக்கியா 3310இன் தடிமன் 22 மி.மீ. அதன் திரை சிறியது, மின்தேவையும் குறைவு. ஆதலால் 900 மில்லி ஆம்பியர் மணி (மி.ஆ.ம.) மின்கலமே பல நாட்களுக்குப் போதுமானதாக இருந்தது.

மெலிவை விற்பனைப் பொருளாக்கிய கைபேசி 2004இல் வந்த மோட்டோரோலா ரேசர் வி3. மடித்த நிலையில் அதன் தடிமன் 13.9 மி.மீ. மட்டுமே. 2007இல் வந்த முதல் ஐபோன் 11.6 மி.மீ. தடிமனும் 1,400 மி.ஆ.ம. மின்கலமும் கொண்டது. அதே ஆண்டின் நோக்கியா என்95 கருவியோ 21 மி.மீ. தடிமனில் 950 மி.ஆ.ம. மின்கலத்தையே கொண்டிருந்தது. ஐபோனில் மின்கலத்தைப் பயனர் கழற்ற முடியாது. கழற்றும் மூடி, தாழ்ப்பாள், மின்கலத்தைச் சுற்றிய கெட்டி உறை ஆகியவை இல்லாததால் இடம் மிச்சமாயிற்று. பிற்காலத்தில் மற்ற நிறுவனங்களும் பின்பற்றிய வழி இது.

மெலிவுப் போட்டி

2010 முதல் 2014 வரை தடிமன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ஐபோன் 4 9.3 மி.மீ., ஐபோன் 5 7.6 மி.மீ., ஐபோன் 6 6.9 மி.மீ. என்ற அளவில் வந்தன. 2014இன் இறுதியில் சீன நிறுவனங்கள் இதை எல்லைக்கே கொண்டுசென்றன. ஒப்போ ஆர்5 4.85 மி.மீ., விவோ எக்ஸ்5 மேக்ஸ் 4.75 மி.மீ. தடிமன் கொண்டவை. இரண்டிலும் 2,000 மி.ஆ.ம. மின்கலமே இருந்தது. ஒப்போவின் கருவியில் ஹெட்போன் துளையும் இல்லை.

இதே காலத்தில் ஒளிப்படக்கருவி உடலை மீறி வெளியே துருத்தத் தொடங்கியது. ஐபோன் 6இல் அது வெளிப்படையாகத் தெரிந்தது. வில்லைகளுக்கும் உணரிக்கும் இடையே குறிப்பிட்ட தூரம் தேவை. அதைச் சுருக்க ஒளியியல் இடம் தராது. இதன் பின்னர் விளம்பரத்தில் சொல்லப்படும் தடிமன், ஒளிப்படக்கருவி மேட்டை விட்டுவிட்டு அளந்த தடிமனாயிற்று.

உறுதி குறைந்ததும் அப்போதே வெளிப்பட்டது. ஐபோன் 6 பிளஸ் கருவிகள் காற்சட்டைப் பையில் வளைவதாக 2014 செப்டம்பரில் புகார்கள் எழுந்தன. ஐபோன் 5எஸ்ஸைவிட ஐபோன் 6 வளையும் வாய்ப்பு 3.3 மடங்கும், 6 பிளஸ் வளையும் வாய்ப்பு 7.2 மடங்கும் அதிகம் என ஆப்பிளின் உள்சோதனைகள் காட்டியிருந்தன. இது 2018இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் வழியாக வெளியே தெரிந்தது. அடுத்து வந்த 6எஸ்ஸில் வலுவான அலுமினியக் கலவை பயன்பட்டது, தடிமனும் 7.1 மி.மீ. ஆக உயர்ந்தது.

மூடிய முதுகு

சாம்சங்கின் மூன்று கருவிகள் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2014இன் கேலக்சி எஸ்5 8.1 மி.மீ. தடிமன் உடையது. அதில் கழற்றக்கூடிய 2,800 மி.ஆ.ம. மின்கலம், நினைவட்டைத் துளை, நீர்காப்பு ஆகிய மூன்றும் இருந்தன. 2015இன் எஸ்6 6.8 மி.மீ. ஆக மெலிந்தது. மின்கலம் 2,550 மி.ஆ.ம. ஆகக் குறைந்து உள்ளே பூட்டப்பட்டது. நினைவட்டைத் துளையும் நீர்காப்பும் போயின. 2016இன் எஸ்7 7.9 மி.மீ. ஆகத் தடித்தது. மின்கலம் 3,000 மி.ஆ.ம. ஆனது, நினைவட்டையும் நீர்காப்பும் திரும்பின. கழற்றும் மின்கலம் மட்டும் திரும்பவில்லை.

ஹெட்போன் துளை

2016 செப்டம்பரில் அறிமுகமான ஐபோன் 7இல் 3.5 மி.மீ. ஹெட்போன் துளை நீக்கப்பட்டது. கருவி அதனால் மெலியவில்லை. தடிமன் 6எஸ்ஸைப் போலவே 7.1 மி.மீ. தான். நிறுவனம் பெற்றது உள்ளிடம். 6எஸ்ஸில் அதிர்வுப் பொறிக்கு இடம் தந்ததால் மின்கலம் 1,715 மி.ஆ.ம. ஆகச் சுருங்கியிருந்தது. ஐபோன் 7இல் அது 1,960 ஆக உயர்ந்தது. அதிர்வுப் பொறியும் பெரிதாயிற்று. கையிலிருந்த ஹெட்போனைப் பயன்படுத்த விரும்பியவர் இணைப்பான் ஒன்றை உடன் சுமக்க வேண்டியதாயிற்று.

கேலக்சி நோட் 7

இடக் கணக்கு பாதுகாப்பையும் தொடும் என்பதை 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த கேலக்சி நோட் 7 உணர்த்தியது. முந்தைய நோட் 5இல் 7.6 மி.மீ. தடிமனும் 3,000 மி.ஆ.ம. மின்கலமும் இருந்தன. நோட் 7இல் தடிமன் 7.9 மி.மீ. ஆகவும் மின்கலம் 3,500 மி.ஆ.ம. ஆகவும் உயர்ந்தன. சில வாரங்களிலேயே கருவிகள் தீப்பற்றின. செப்டம்பரில் சுமார் 25 இலட்சம் கருவிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. மாற்றாகக் கொடுத்த கருவிகளும் எரியவே, அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

2017 சனவரியில் சாம்சங் ஆய்வு முடிவை வெளியிட்டது. முதல் தயாரிப்பாளரின் மின்கலத்தில் மேல்மூலை இறுக்கமாக இருந்ததால் எதிர்மின்வாய் வளைந்திருந்தது. இரண்டாவது தயாரிப்பாளரின் மின்கலத்தில் பற்றவைப்பின் கூர்முனைகள் பிரிப்பானைத் துளைத்தன. இரண்டிலும் முடிவு குறுஞ்சுற்று. லித்தியம் மின்கலம் மின்னேற்றத்தின்போதும் வயதாகும்போதும் சிறிது உப்பும். அதற்கு வெற்றிடம் விட வேண்டும். அந்த இடைவெளி நோட் 7இல் போதவில்லை என்று கருவியைப் பிரித்து ஆராய்ந்த இன்ஸ்ட்ருமென்டல் என்ற பொறியியல் நிறுவனம் கருதியது. அடுத்த ஆண்டின் நோட் 8 8.6 மி.மீ. தடிமனில் 3,300 மி.ஆ.ம. மின்கலத்தோடு வந்தது. உடல் தடித்தும் மின்கலம் சிறுத்தும் வந்தது இதன் பாடமாகும்.

முதுமையும் சட்டமும்

மின்கலம் சில நூறு மின்னேற்றச் சுழற்சிகளில் தேய்கிறது. சிறிய மின்கலத்தை அடிக்கடி ஏற்ற வேண்டியிருப்பதால் அது விரைவில் முதுமை அடைகிறது. முதிர்ந்த மின்கலத்தால் உச்ச மின்தேவையைத் தர இயலாமல் கருவிகள் திடீரென அணைவதைத் தவிர்க்க, பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மின்கல மாற்றுக் கட்டணமும் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைக்கப்பட்டது. புதிய மின்கலம் போட்டால் பழைய வேகம் திரும்பும் எனில், புதுக் கருவி வாங்கியவர்களுள் பலருக்கு அது தேவைப்பட்டிருக்காது. மூடிய முதுகு அந்த எளிய தீர்வை மறைத்திருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தால் அணுகியது. 2025 சூன் 20 முதல் அங்கு விற்கப்படும் திறன்பேசிகளின் மின்கலம் 800 சுழற்சிகளுக்குப் பிறகும் 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும். கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே மாற்றக்கூடியதாக வடிவமைக்கும் விதி, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வரவிருக்கிறது.

மீண்டும் மெலிவு

2019இல் ஐபோன் 11 புரோ, முந்தைய எக்ஸ்எஸ்ஸின் 7.7 மி.மீ. தடிமனிலிருந்து 8.1 மி.மீ. ஆக உயர்ந்தது. திரையின் அழுத்த உணரி அடுக்கும் நீக்கப்பட்டது. நான்கு மணி நேரம் வரை கூடுதலாக உழைக்கும் என்று ஆப்பிள் அறிவித்தது. தடிப்பதையும் விளம்பரப்படுத்தலாம் என்பது தெரிந்தது.

2025இல் மெலிவு திரும்பியது. கேலக்சி எஸ்25 எட்ஜ் 5.8 மி.மீ. தடிமனும் 3,900 மி.ஆ.ம. மின்கலமும் கொண்டது. அதே 6.7 அங்குலத் திரையுள்ள எஸ்25 பிளஸ் 7.3 மி.மீ. தடிமனில் 4,900 மி.ஆ.ம. தருகிறது. 1.5 மி.மீ. மெலிவின் விலை 1,000 மி.ஆ.ம. ஆகும். ஐபோன் ஏர் 5.6 மி.மீ. அளவில் வந்தது, அதில் பின்புற ஒளிப்படக்கருவி ஒன்றே, சிம் அட்டைத் துளை இல்லை. அதனுடன் சேர்த்து முதுகில் ஒட்டும் கூடுதல் மின்கலத்தையும் ஆப்பிள் தனியே விற்றது.

மறுபுறம், எதிர்மின்வாயில் கிராபைட்டுடன் சிலிக்கனைச் சேர்த்த சிலிக்கன்-கார்பன் மின்கலங்கள் பரவின. எடைக்கு எடை சிலிக்கன் கிராபைட்டைவிட ஏறத்தாழ பத்து மடங்கு லித்தியத்தை ஏற்கும். ஆனால் அப்போது பெரிதும் உப்பும் என்பதால் சிறிதளவே கலக்கப்படுகிறது. 2025இன் ஒன்பிளஸ் 15 இவ்வகையில் சுமார் 8 மி.மீ. தடிமனில் 7,300 மி.ஆ.ம. தருகிறது.

ஆக, மின்கலத் தொழில்நுட்பம் தரும் கூடுதல் ஆற்றலை இரண்டு வழிகளில் செலவிடலாம்: கருவியை மெலிதாக்கலாம், அல்லது நீண்ட நேரம் உழைக்கச் செய்யலாம். 2004 முதல் பல ஆண்டுகள் முதல் வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது. வாங்குபவர் தடிமனைக் கடையில் ஒரு நொடியில் உணர்கிறார். மின்கலத்தின் தேய்வை இரண்டாம் ஆண்டில்தான் உணர்கிறார் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று.