விளையாட்டும் கூலியும்: 1907ஆம் ஆண்டு றக்பிப் போட்டி ஒன்றின் சமூகப் பின்னணி

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903ஆம் ஆண்டிலும், அங்கிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்கு 1904ஆம் ஆண்டிலும் ஒடுங்கிய புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. கந்தப்பளைத் தோட்டங்களின் தேயிலை கொழும்புத் துறைமுகத்தை அடைவதற்கு அப்பாதை வழிசெய்தது. அதே துறைமுகத்தில், 1907ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், இங்கிலாந்து நோக்கிச் சென்ற நியூசிலாந்து றக்பி அணியொன்று இறங்கி இலங்கை அணியோடு ஆடிற்று. 33க்கு 6 என்ற புள்ளிக் கணக்கில் வந்தவர் வென்றனர்.

விளையாட்டு வரலாற்றில் இது இலங்கை அணியின் முதற் சர்வதேசப் போட்டியாகக் குறிக்கப்படுகின்றது. ஆயின், சமூக வரலாற்று நோக்கில் அதற்கு வேறொரு சிறப்பும் உண்டு. வந்தவர்கள் ஆட்டத்துக்குப் பணம் பெறத் துணிந்தவர்கள். எதிர்த்து நின்றவர்களோ அக்காலத்தில் இங்கு றக்பியைத் தம் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த ஆங்கிலேயத் துரைமாரின் உலகத்தைச் சேர்ந்தவர்கள். விளையாடும் நாளுக்குரிய கூலியை யார் தருவது என்னும் வினாவே இவ்விரு சாராரையும் பிரித்து நின்றது.

அவ்வினா வட இங்கிலாந்திற் பிறந்தது. யோர்க்சயர், லங்காசயர் மாவட்டங்களின் றக்பிக் கழகங்களில் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலைகளிலும் உழைத்தோர் பலர் ஆடினர். சனிக்கிழமைப் போட்டிக்காக வேலையை விட்டால் அன்றைய கூலி இழப்பாயிற்று. அவ்விழப்புக்கு ஈடாக நாளொன்றுக்கு 6 சிலிங் வழங்குதல் வேண்டுமெனக் கழகங்கள் கோரின. தலைமைச் சங்கம் அதனை மறுத்தது. 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் நாள் ஹடர்ஸ்பீல்ட் நகரிற் கூடிய 20க்கு மேற்பட்ட கழகங்கள் பிரிந்து வட ஒன்றியத்தை நிறுவின. 1898இல் அவ்வொன்றியம் வெளிப்படையாகவே ஊதியத்தை ஏற்றது. 1906இல் அணிக்குப் பதின்மூவர் என விதி மாற்றப்பட்டது. இவ்வாட்டமே பின்னர் றக்பி லீக் எனப் பெயர் பெற்றது.

இதில் முன்வரிசை வீரனின் நிலை தனியாக நோக்கத்தக்கது. பந்தை ஏந்தி ஓடிப் புள்ளி சேர்க்கும் பின்வரிசையினருக்கே புகழ் பெரிதும் சென்றது. முட்டித் தள்ளுதலும், எதிரியை மறித்து வீழ்த்துதலும், பிறர் ஓடுவதற்கு வழி திறத்தலும் முன்வரிசையின் பணி. உடல் வலிமையே அவனுடைய முதல். காயமுற்றாலோ வயது முதிர்ந்தாலோ அம்முதல் கரைந்துவிடும்.

'மாசா' என அழைக்கப்பட்ட வில்லியம் ஜோன்ஸ்ரன் இத்தகைய ஒரு முன்வரிசை வீரர். நியூசிலாந்தின் டனீடின் நகரத்தவரான அவர், 1905ஆம் ஆண்டு பிரித்தானியாவுக்குச் சென்ற புகழ்பெற்ற நியூசிலாந்து அணியில் இடம்பெற்றவர். அப்பயணத்தில் மைதானங்கள் நிரம்பி வழிந்தன. சங்கம் பெருந்தொகை ஈட்டியது. வீரர்க்குக் கிடைத்ததோ நாளொன்றுக்கு 3 சிலிங் கைச்செலவுப் பணம் மட்டுமே. இம்முரண்பாட்டை உணர்ந்தவர்களுள் வெலிங்டன் அஞ்சலக ஊழியரான அல்பேட் பாஸ்கவிலும் ஒருவர். அவர் வட ஒன்றியத்தோடு தொடர்புகொண்டு ஓர் அணியைத் திரட்டினார். வீரர்கள் தலைக்கு 50 பவுண் முதலிட்டு, இலாபத்தைத் தமக்குள்ளே பகிர்ந்துகொள்ள உடன்பட்டனர். கொழும்பில் ஆடிய அணி இதுவே. 1907–08 பயணத்தில் ஜோன்ஸ்ரனும் இதன் சார்பில் ஆடினார். பிரித்தானியாவுக்கு எதிரான மூன்று பெரும் போட்டிகளில் இரண்டில் இவ்வணி வென்றது. அமைப்பாளர் பாஸ்கவில் தாயகம் திரும்புமுன்னரே, 1908 மே மாதத்தில், பிரிஸ்பேன் நகரில் நிமோனியாவால் தமது 25ஆம் வயதில் மறைந்தார். ஜோன்ஸ்ரன் விகன் கழகத்தில் ஒப்பந்தமாகி, பின்னர் வொரிங்டன் கழகத்திற்கு மாறினார். கனவான்களின் சங்கத்தில் கைச்செலவுப் பணம் பெற்ற வீரர், சுரங்கத் தொழிலாளரின் நகரில் ஊதியம் பெறும் உழைப்பாளியானார்.

இப்பின்னணியில் அக்கால மலையகத்தை நோக்குதல் பொருத்தமுடையது. திக்கோயா, திம்புள்ள ஆகிய பகுதிகளில் துரைமார் தம் கழகங்களை நிறுவி றக்பி ஆடினர். அவர்களுக்கு ஊதியம் மாதக் கணக்கிலானது. மாலையில் மைதானம் சென்றமையால் அது குறையவில்லை. பணத்துக்காக ஆடுதல் இழுக்கு என்னும் அறம் அவர்களுக்கு எளிதாயிருந்ததன் காரணம் இதுவே. தோட்டத் தொழிலாளிக்கோ 'பேர்' விழுந்தால்தான் கூலி. குறித்த வேலை முடியாவிடின் அரைப்பேர். மலைக்குச் செல்லாவிடின் அதுவும் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. இழந்த நாளுக்கு ஈடு கேட்கும் உரிமை ஹடர்ஸ்பீல்டிற் பேசப்பட்ட காலத்தில், நாளை இழக்கும் உரிமைகூடக் கந்தப்பளை லயங்களில் இருக்கவில்லை.

மற்றுமோர் ஒப்புமையும் உண்டு. ஒப்பந்தத்தாற் கழகத்தோடு பிணைக்கப்பட்ட றக்பி வீரன் இடம் மாறும்போது கழகங்களுக்கிடையே விலை பேசப்பட்டது. தோட்டத் தொழிலாளி இடம் மாறும்போது அவனது கடன் தொகையைக் குறித்த 'துண்டு' அவனோடு சென்றது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி அவனைப் பெற்றது. ஒன்றில் விலை வீரனின் திறமைக்கானது. மற்றதில் அது தொழிலாளியின் கடனுக்கானது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கான சட்டம் 1927இலேயே இயற்றப்பட்டது.

வீரனையும் தொழிலாளியையும் சமமாக வைத்து எண்ணுதல் இவ்வொப்பீட்டின் நோக்கமன்று. ஜோன்ஸ்ரன் போன்றோர்க்குச் சங்கத்தை எதிர்க்கவும், கூட்டாக முதலிடவும், கப்பலேறவும் வழி இருந்தது. கந்தப்பளையிற் கொழுந்து பறித்தவர்க்கு அவ்வழிகள் அடைபட்டிருந்தன. எனினும், இருவர் வரலாறும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. ஓய்வு என்பது இயற்கையாக அமைவதன்று. கூலியின் மறுபக்கமே அது. இராகலைப் புகையிரதம் 1948இல் நின்றுபோயிற்று. 33க்கு 6 என்னும் கணக்கு விளையாட்டு ஏடுகளில் நிலைத்துள்ளது. மைதானத்தில் நின்றவரை மட்டுமன்றி, மைதானத்துக்கு வர இயலாதவரையும் கருத்திற் கொள்ளும்போதே விளையாட்டின் வரலாறு மக்களின் வரலாறாகும்.