84 மொழிகளை எண்ணியது யார்? போர்த்துகீசியமும் தமிழும் கோலாலம்பூரில் வெளிவந்த ஓர் அகராதியும்

"டீச்சர், மலாக்காவுல 84 மொழி பேசினாங்கன்னு படிக்கிறோமே, அத யார் எண்ணினாங்க?"

எஸ்.டி.பி.எம். வரலாறு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. நான் பல ஆண்டுகளாக இந்த 84-ஐக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நான்கு ஷாபண்டார்களையும் அப்படித்தான். குஜராத்தியருக்கு ஒருவர், தமிழர், வங்காளியர், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர், ஜாவா, மாலுக்கு முதலிய தீவுகளிலிருந்து வருபவர்களுக்கு ஒருவர், சீனர், சம்பா வணிகர்களுக்கு ஒருவர். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் உறுதி. யார் சொன்னது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

சொன்னவர் தோமே பிரெஸ். போர்த்துகீசிய மருந்து வணிகர். 1511-இல் மலாக்கா வீழ்ந்த மறு ஆண்டே அங்கு வந்து, 1515 வரையில் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். அந்த நூலின் பெயர் 'சூமா ஓரியெந்தால்'. 84 என்பதைக்கூட அவரே எண்ணிப் பார்க்கவில்லை. மலாக்கா மக்கள் அப்படிச் சொல்வதாகத்தான் எழுதுகிறார். அந்தக் கையெழுத்துப் படி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1937-இல்தான் பாரிஸ் நூலகம் ஒன்றில் அர்மாந்தோ கொர்த்தெசாவோ என்ற போர்த்துகீசிய அறிஞரின் கண்ணில் பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்போடு 1944-இல் இலண்டனில் வெளிவந்தது. போர்த்துகீசியத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து மலாய், மலாயிலிருந்து நம் வகுப்பறைத் தமிழ் விளக்கம் என்று மூன்று கை மாறித்தான் அந்தச் செய்தி நம் பிள்ளைகளிடம் வந்து சேர்கிறது.

கை மாறும்போது என்ன ஆகும்? நீனா சாத்து என்ற பெயரைப் பாருங்கள். 1511-க்கு முன்பு மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவிய தமிழ் வணிகர் இவர். அதற்குக் கைம்மாறாக அல்போன்சோ அல்புகர்க் இவரைப் பெண்டஹாராவாக நியமித்தார். 1514-இல் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவானதும், அவமானம் தாங்காமல் தீயில் இறங்கி உயிரை விட்டார். இவ்வளவும் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. ஆனால் அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் என்ன? முதற்பகுதி 'நயினா'வா, 'நயினார்' என்பதா? பின்பகுதி 'செட்டி'யா, 'சேது'வா? ஒரு போர்த்துகீசியர் காதில் விழுந்ததை அவருடைய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். தமிழ் ஒலியும் அந்தக் காலப் போர்த்துகீசிய எழுத்து முறையும் இரண்டுமே தெரிந்த ஒருவர்தான் இதைப் பற்றித் துணிந்து பேச முடியும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

ஒருவர் இருந்தார். அவர் வேலை பார்த்தது நம் பந்தாய் பள்ளத்தாக்கில், மலாயாப் பல்கலைக்கழகத்தில். தனிநாயகம் அடிகள் என்றால் முதல் உலகத் தமிழ் மாநாடு என்று உடனே சொல்லிவிடுவோம். 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை கோலாலம்பூரில் நடந்த மாநாடு. துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார். சரிதான். ஆனால் அதே 1966-இல் அதே இந்திய ஆய்வியல் துறையிலிருந்து ஒரு புத்தகமும் வெளிவந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1679-இல் அச்சான ஒரு தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் நிழற்படப் பதிப்பு அது.

அதைத் தொகுத்தவர் அந்தாவோ தெ புரோயென்சா என்ற இயேசு சபைப் பாதிரியார். மதுரை மறைப்பணித் தளத்தில் இருந்தவர். 1666-இல் இறந்தார். அவர் இறந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு, கேரளத்தின் அம்பலக்காட்டில் அகராதி அச்சானது. இஞ்ஞாசி என்ற உள்ளூர்க் கைவினைஞர் மரத்தில் எழுத்துகளைச் செதுக்கினாராம். 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள். இலக்கியச் சொல்லோடு ஊர்ப்பேச்சில் புழங்கிய சொல்லும் உண்டு. இந்த நூலின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகள் அதைத் தேடி எடுத்து, அதன் தாள்களை அப்படியே படம் பிடித்துக் கோலாலம்பூரில் பதிப்பித்தார்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'தமிழின் முதல் அகராதி வீரமாமுனிவரின் சதுரகராதி' என்று எழுதிப் பழகியிருக்கிறோம். சதுரகராதி 1732-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நிகண்டு மரபை விட்டு அகர வரிசைக்கு வந்த தமிழ்-தமிழ் அகராதி என்ற பெருமை அதற்கு உண்டு. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட இருமொழி அகராதி புரோயென்சாவுடையது. இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பாமல் எழுதினால் போதும்.

இந்த அகராதி ஏன் முக்கியம்? அந்தக் கால அச்சில், ஓலைச்சுவடியில் எழுதுவதைப் போலவே, மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. கொ, கோ என்ற குறில் நெடில் வேறுபாடும் கிடையாது. 'கொல' என்று ஓரிடத்தில் இருந்தால் அது கொல்லா, கோலா? தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் போர்த்துகீசியத்தில் 'மதார்' என்று பொருள் எழுதியிருந்தால் அது கொல். 'வாரா' என்று எழுதியிருந்தால் கோல். (இது விளக்கத்துக்காக நான் சொல்லும் எடுத்துக்காட்டு.) 17-ஆம் நூற்றாண்டுத் தமிழைப் படிக்கப் போர்த்துகீசியம் சாவியாக இருப்பது இப்படித்தான். 'சாவி' என்ற சொல்லே போர்த்துகீசியத்தின் 'ஷாவே'யிலிருந்து வந்தது என்பது வேறு கதை.

இன்னும் பின்னால் போனால் 1554. லிஸ்பன் நகரில் 'கார்த்தில்யா' என்ற சிறு மறைக்கல்வி நூல் அச்சாகிறது. தமிழ் வாக்கியங்கள் உரோமன் எழுத்தில்; கூடவே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியம். கறுப்பு, சிவப்பு என இரு வண்ண மையில் அடித்திருக்கிறார்கள். அதை உருவாக்கியவர்கள் விசென்தே தெ நசரே, ஜொர்ஜெ கர்வால்யோ, தோமா த குருஸ் என்ற மூவர். பெயரைப் பார்த்தால் வெள்ளைக்காரர் என்று தோன்றும். மூவரும் இந்தியாவிலிருந்து போனவர்கள், தமிழ் அறிந்தவர்கள். அதாவது போர்த்துகீசியரிடம் போர்த்துகீசியம் கற்று, அவர்களுடைய தலைநகரிலேயே தமிழை அச்சேற்றியவர்கள். அந்தப் புத்தகத்தையும் லிஸ்பனில் தேடிப் பார்த்துத் தமிழுலகுக்கு எடுத்துச் சொன்னவர் தனிநாயகம் அடிகள்தான். அவருக்குப் போர்த்துகீசியம், ஸ்பானியம், இத்தாலியம் எல்லாம் வாசிக்கத் தெரிந்திருந்தது.

பிறகு 1578 அக்டோபர் 20, கொல்லம். 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல். அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்றிக்கே என்றீக்கஸ் ஆக்கியது. இன்றைக்கு அதன் படி அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எழுத்து வார்த்தவர்களில் ஒருவர், கோவாவில் 1577-இல் முதலில் முயன்ற ஜொவாவோ கொன்சால்வெஸ். பெயர் போர்த்துகீசியம் போல ஒலித்தாலும் அவர் ஸ்பானியர். கொல்லத்தில் எழுத்தைத் திருத்தி வார்த்தவர் ஜொவாவோ தெ பாரியா.

'முதல் தமிழ் அச்சு நூல் 1554-ஆ, 1578-ஆ?' என்று பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்பார்கள். தமிழ் மொழி முதலில் அச்சானது 1554. தமிழ் எழுத்து ஒரு நூலாக முதலில் அச்சானது 1578. விடையில் இந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதிவிட்டால் எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல முடியாது.

என்றீக்கஸ் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். அச்சாகாத கையெழுத்துப் படியாக லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது. போர்த்துகீசியம் அறிந்த ஜீன் ஹெய்னும் தமிழறிஞர் வி. எஸ். ராஜமும் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2013-இல் ஹார்வர்ட் வழியாக வெளியிட்டார்கள். முத்துக்குளித்துறை மக்கள் 16-ஆம் நூற்றாண்டில் உண்மையில் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அதில் சான்று இருக்கிறது. ஓர் ஆளால் முடியாமல் இரண்டு பேர் சேர வேண்டியிருந்ததைக் கவனியுங்கள். தமிழ் தெரிந்தவருக்குப் போர்த்துகீசியம் தெரியாது. போர்த்துகீசியம் தெரிந்தவருக்குத் தமிழ் தெரியாது. நானூறு வருஷமாக இந்த இடைவெளிதான் நம் வரலாற்றைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறது.

வகுப்பில் இதைச் சுலபமாகத் தொடங்கலாம். ஜன்னல், ஜெண்டேலா. அலமாரி, அல்மாரி. துவாலை, துவாலா. மேசை, மேஜா. அன்னாசி, நானாஸ். ஏலம், லேலோங். முதலில் தமிழ், அடுத்தது மலாய். 'மலாய்க்காரங்க நம்மகிட்டேருந்து எடுத்தாங்களா, நாம அவங்ககிட்டேருந்து எடுத்தோமா?' என்று பிள்ளைகள் சண்டை போடும். போடட்டும். கிள்ளானில் கடை வாசலில் 'லேலோங்' பலகையைப் பார்க்கிற பிள்ளைக்கு, அதுவும் ஏலமும் 'லெய்லாவோ' என்ற ஒரே போர்த்துகீசியச் சொல்லின் பிள்ளைகள் என்று சொன்னால் பிறகு மறக்காது. ஒரே கப்பல் இரண்டு துறைமுகத்திலும் சரக்கு இறக்கியிருக்கிறது. சவேரியாரும் அப்படித்தான்; 1542-இல் முத்துக்குளித்துறையில் தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்தவர், 1545-இல் மலாக்காவில் இருந்தார்.

ஒரு சொல்லைப் பற்றி ஆசிரியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எரேதியா என்ற, மலாக்காவிலேயே பிறந்த எழுத்தாளர் 1613-இல் வரைந்த நகர வரைபடத்தில் தமிழர் குடியிருப்பு 'கம்போன் செலிம்' என்று இருக்கிறது. கம்போங் கெலிங் என்பதன் போர்த்துகீசிய வடிவம். இன்று நம்மைப் புண்படுத்தும் அந்தச் சொல் அன்று வணிகக் குழுவின் பெயராக இருந்தது. ஆவணத்தில் உள்ளதை மறைக்கவும் வேண்டாம். வகுப்பில் சிரிப்பாகிவிடவும் விடக்கூடாது. முதலிலேயே காரணத்தை விளக்கிவிட்டுப் படத்தைக் காட்டுவது என் வழக்கம்.

கேள்வி கேட்ட மாணவிக்கு வருகிறேன். இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்ப இதெல்லாம் யூனிவர்சிட்டியில படிக்க முடியுமா டீச்சர்?" என்றாள். முடியும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்தில் ஸ்பானிய மொழிக்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. தமிழுக்கும் அதே புலத்தில் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலிருக்கும் கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிறுத்தம் யூனிவர்சிட்டி. கிள்ளான் பிள்ளைகள் கொமியூட்டரில் வந்து அங்கே மாறிக்கொள்ளலாம். ஸ்பானியமும் போர்த்துகீசியமும் இலத்தீனின் பிள்ளைகள். ஒன்றைப் படித்தவர் மற்றதை முயன்று வாசித்துவிடலாம். மேசைக்கு இரண்டிலும் 'மேசா'. ஆனால் ஜன்னலுக்கு ஸ்பானியத்தில் 'வெந்தானா', அங்கே தடுமாற வேண்டியதுதான். 16-ஆம் நூற்றாண்டு ஆவணத்தைப் படிக்கப் போர்த்துகீசியத்தையே தனியாகக் கற்க வேண்டும், பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சியும் வேண்டும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அவளுடைய அம்மா வந்து கேட்டார்: "அத படிச்சா எந்த ஸ்கூல்ல வேலை கெடைக்கும் டீச்சர்?" நியாயமான கேள்வி. தமிழ்ப் பள்ளியில் அதற்கு இடம் கிடையாது. ஸ்பானியம் தெரிந்தவர்களுக்கு நிறுவனங்களிலும் சுற்றுலாத் துறையிலும் வாய்ப்பு உண்டு என்று சொல்லலாம். லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் நீனா சாத்துவைத் தேடுவதற்கு யாரும் மாதச் சம்பளம் தரப் போவதில்லை. தனிநாயகம் அடிகளுக்கு ஒரு பல்கலைக்கழகத் துறை பின்னால் இருந்தது, அவருக்குப் பின் அந்தப் பணியைத் தொடர அந்த மொழிகள் தெரிந்த மாணவர் கூட்டம் உருவாகவில்லை. இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தமிழையும் ஸ்பானியத்தையும் சேர்த்துப் படிக்க வழி இருக்கிறதா என்று புலத்தில் விசாரிக்கச் சொல்லி அனுப்பினேன்.

அவள் இன்னும் யு.பி.யு. விண்ணப்பத்தை நிரப்பவில்லை. போன வாரம் என்னிடம் வந்து, 1966-இல் வந்த அந்த அகராதி எந்த நூலகத்தில் பார்க்கக் கிடைக்கும் என்று கேட்டாள்.