சப்ரகமுவத் தோட்டங்களும் பிரஜாவுரிமைக் கடுதாசிகளும்

என் தங்கையும் மச்சானும் அமெரிக்காவில் மகனோடு இருக்கிறார்கள். இருவரிடமும் 'கிரீன் கார்ட்' எனப்படும் நிரந்தர வதிவிட அட்டை உண்டு. மச்சானின் மூத்த சகோதரர் சுகமில்லாமல் படுத்தபோது, ஊருக்கு வந்து கொஞ்சக் காலம் தங்க நினைத்தார்கள். வருவதில் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்க நேர்ந்தால் மீள்நுழைவு அனுமதி வேண்டும். அந்த மனுவை அமெரிக்காவில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். கிடைத்தாலும் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். மருமகன்தான் படிவங்களை நிரப்புகிறான். "மாமா, இந்த ஒரு வருசக் கணக்கு உங்களுக்கு விளங்குதா?" என்று தொலைபேசியில் கேட்டான்.

எனக்கு நன்றாகவே விளங்கியது. எங்கள் வாப்பாவின் வாழ்க்கையைத் தீர்மானித்ததும் ஒரு பன்னிரண்டு மாதக் கணக்குத்தான்.

வாப்பா இராமநாதபுரக் கரையிலிருந்து 1932இல் வந்தவர். கரவனல்லையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குப் போகும் பாதையோரத்தில், றப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு கடைவீதியில் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கி, பிறகு சொந்தமாகச் சில்லறைக் கடை வைத்தார். உம்மா இந்த மண்ணின் சோனகக் குடும்பத்துப் பெண். வாப்பாவைப் போன்றவர்களைக் குடிசன மதிப்பீடு 'இந்தியச் சோனகர்' என்று தனியாகப் பிரித்து எண்ணியது. ஊரார் 'சம்மான்காரர்' என்றார்கள். 1946ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாடு முழுவதும் இவர்கள் ஏறக்குறைய 35 ஆயிரம் பேர். இரத்தினபுரியின் மாணிக்க வியாபாரத்திலும், பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை போன்ற கடைவீதிகளிலும் இவர்கள் இருந்தார்கள்.

மலையகத்தவரின் பிரஜாவுரிமை பறிபோன கதையை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அதை இந்து மலையகத் தமிழரின் துயரமாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். அதே சட்டத்தின் அதே வரிகளுக்குள் நம்மவர்களும் அகப்பட்டுக் கிடந்ததை நமது இலக்கிய வட்டங்கள் அதிகம் பேசியதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

சட்டங்களுக்கு முன்பே சப்ரகமுவையில் முன்னோட்டம் நடந்துவிட்டது. 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காகச் சுவீகரித்தது. தொழிலாளர் வாயில் அதன் பெயர் உருளவள்ளி. அங்கே பிறந்து வளர்ந்தவர்களை லயங்களைக் காலி செய்யும்படி அறிவித்தார்கள். மறுத்தவர்கள் மீது அத்துமீறிக் குடியிருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. தன் லயத்திலேயே ஒருவன் அத்துமீறியவனாக முடியும் என்பதை அன்றே அந்த மக்கள் கண்டுகொண்டார்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் அமுலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவு இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டதே 1897இல்தான். பாட்டன் பிறந்ததற்கு எந்தக் கடுதாசியைக் காட்டுவது? தோட்டத் தொழிலாளியின் பெயர் செக்ரோலில் இருந்தது, கங்காணியின் பற்று வரவில் இருந்தது. 1921 வரை அவனை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றியதும் 'துண்டு' என்ற ஒரு காகிதம்தான். அவனைப் பற்றிய எழுத்தெல்லாம் துரையின் கையிலும் கங்காணியின் கையிலும் இருந்ததே தவிர, அவனுடைய கையில் ஒன்றும் இருக்கவில்லை. அப்படிப்பட்டவனிடம்தான் அரசு ஆதாரம் கேட்டது.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். பாகிஸ்தானியர் என்ற சொல்லும் அதில் இருந்ததால் மேமன், போஹ்ரா வியாபாரிகளும் அந்தப் பட்டியலுக்குள் வந்தார்கள். விதிகள் இவை: 1946 ஜனவரி 1க்கு முன்னர், மணமானவர் தொடர்ந்து 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் இங்கே வசித்திருக்க வேண்டும். அதன் பின்னர் மனுப் போடும் நாள் வரையும் வசிப்பு அறுபடக்கூடாது. ஒரே பயணத்தில் 12 மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். மணமான ஆணின் மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அவனோடு இங்கேயே வசித்திருக்க வேண்டும். போதிய வருமானமும் காட்ட வேண்டும்.

மனைவி பற்றிய விதியைக் கவனியுங்கள். கரையோர முஸ்லிம் வியாபாரி காலங்காலமாகக் குடும்பத்தைக் கரையில் வைத்துவிட்டுத்தான் கடலைத் தாண்டினான். அவனுடைய வாழ்க்கை முறையே அந்த ஒரு விதியால் தகுதியின்மை ஆகிவிட்டது. தோட்டத் தொழிலாளியை ஆதாரமின்மை தடுத்தது என்றால், சம்மான்காரரைக் குடும்ப வழக்கம் தடுத்தது.

வாப்பாவுக்கு அந்தத் தடையில்லை. உம்மா இங்கேதான் இருந்தார். ஆனால் 1947இல் தன் தாயார் நோயில் கிடந்தபோது வாப்பா கரைக்குப் போனார். தாயார் உடனே மௌத்தாகவில்லை. பதினான்கு மாதம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. போகும்போது அப்படியொரு சட்டமே இருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த சட்டம், பழைய பயணத்தைத் திரும்பிப் பார்த்து எண்ணியது. தாயின் படுக்கையருகே இருந்த கடைசி இரண்டு மாதத்துக்காக வாப்பாவின் மனு தள்ளுபடியானது. அதன் பிறகு இந்தியக் கடவுச்சீட்டும் தற்காலிக வதிவிட அனுமதியுமாகவே அவர் வாழ்ந்தார். ஊருக்குப் போய்வர ஒவ்வொரு முறையும் அனுமதி தேடினார். பயந்து பயந்து கடைசியில் போவதையே நிறுத்திக்கொண்டார்.

மனுக்களுக்கான கடைசி நாள் 1951 ஆகஸ்ட் 5. சட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்ன இலங்கை இந்தியக் காங்கிரஸ் பின்னர் தன் முடிவை மாற்றிக்கொண்டது. இறுதிக் காலத்தில் மனுக்கள் குவிந்தன. ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் மனுக்கள், 8 இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக. 1964 வரை பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான்.

இச்சட்டங்களை நீதிமன்றத்தில் எதிர்த்த பெயர்பெற்ற வழக்கும் சப்ரகமுவையிலிருந்தே புறப்பட்டது. கோடக்கன் பிள்ளை என்பவர் றுவன்வெல்ல தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். பிரஜை அல்ல என்பதால் மறுக்கப்பட்டது. ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை விதிக்கும் சட்டம் செல்லாது என்று சொன்ன சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை அவர் முன்வைத்தார். உயர்நீதிமன்றம் 1951இல் சட்டங்களின் பக்கம் நின்றது. இலண்டன் பிரிவிக் கவுன்ஸிலும் 1953இல் அதையே உறுதி செய்தது. தன் குடிகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சாதாரண உரிமை, 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழியைத் திறந்துதானே வைத்திருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். வழி திறந்திருந்தது உண்மைதான். அந்த வாசலில் எத்தனை பேர் நுழைய முடிந்தது என்பதை மேலே சொன்ன கணக்கு காட்டும்.

நம்மவர்கள் எங்கே நின்றார்கள் என்ற கேள்வியையும் கேட்டே ஆகவேண்டும். 1948இல் டி. எஸ். சேனாநாயக்காவின் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சராக இருந்தவர் கல்விமான் டி. பி. ஜாயா. தோட்டத் தொழிலாளரை வெளியே தள்ளிய சட்டம் அந்த அமைச்சரவையின் சட்டம். ஜாயாவின் கல்விப் பணியை மதிப்பதும் இந்த உண்மையை மறக்காதிருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. மறுபுறத்தில் அப்துல் அஸீஸ் இருந்தார். கல்விமான் ஏ. எம். ஏ. அஸீஸ் அல்ல, தொழிற்சங்கவாதி அப்துல் அஸீஸ். இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவர்களில் ஒருவராக, 1952ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தில் தொண்டமானோடு நின்றவர். பிறகு பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தியவர். இந்துத் தொழிலாளரே பெரும்பான்மையான ஓர் இயக்கத்தில் ஒரு முஸ்லிம் வாழ்நாளெல்லாம் தலைமை வகித்தார். அவரைப் பற்றி நமது சஞ்சிகைகளில் எத்தனை கட்டுரைகள் வந்திருக்கின்றன?

1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. சிறிமாவோ அம்மையார் சப்ரகமுவையில், இரத்தினபுரியில் பிறந்தவர். 9 இலட்சத்து 75 ஆயிரம் நாடற்றவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த ஒருவரையும் கேட்டு எழுதிய கணக்கல்ல அது.

ஒப்பந்த மனுக்களுக்கான கடைசி நாள் 1970 ஏப்ரல் 30. அப்போது எனக்குப் பதினாறு வயது. இங்கிலீஷில் படிவம் நிரப்பத் தெரியும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடைத் திண்ணை காரியாலயம் ஆகிவிடும். தோட்டத்திலிருந்து கந்தல் துணியில் சுற்றிய கடுதாசிகளோடு வருவார்கள். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க சாமி." செக்ரோலில் மாரியாயி, பிறப்புச் சான்றிதழில் மாரியம்மா, திருமணப் பதிவில் மாரியாய். மூவரும் ஒருத்திதான் என்று சத்தியக் கடுதாசி எழுத வேண்டும். என்னோடு ஒரே வாங்கில் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் தன் தாய் தகப்பனின் மனுவைத் தானே நிரப்பினான். 'இந்தியா' என்று எழுதுவதா 'இலங்கை' என்று எழுதுவதா என்று அவர்கள் அவனையே கேட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தன் பெற்றோரின் நாட்டைத் தீர்மானித்தான். அந்தப் படிவங்களுக்கு நடுவே வாப்பாவின் அனுமதிப் புதுப்பிப்பையும் நான்தான் எழுதினேன்.

என் நிலைமையும் அதுவே. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தகப்பன் பிரஜையாக இருந்தால்தான் பிள்ளை பிரஜை. உம்மாவின் ஏழு தலைமுறை இந்த மண்ணில் அடங்கியிருந்தாலும் அது கணக்கில்லை. வயது வந்த பிறகு உம்மாவின் பிறப்புச் சான்றிதழைக் காட்டி, பதிவுப் பிரஜையானேன். தாய்வழியாகவும் பிறப்பிலேயே பிரஜாவுரிமை கிடைக்கும் என்று சட்டம் திருந்தியது 2003இல்தான்.

இந்தியா என்று எழுதியவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். சப்ரகமுவையில் பால் வெட்டிப் பழகிய கைகளில் சில கேரளத்தின் புனலூரில், தாயகம் திரும்பியோருக்காகவே தொடங்கிய றப்பர் தோட்டங்களில் திரும்பவும் கத்தி பிடித்தன. இலங்கை என்று எழுதியவர்களுக்கும் நிம்மதி இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக்கிடந்த சப்ரகமுவத் தோட்டங்களை 1977, 1981, 1983 வன்செயல்கள் மூன்று முறை தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரியும் காவத்தையும் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். லயம் எரிந்தபோது தகரப் பெட்டியும் எரிந்தது. அதற்குள்தான் கடுதாசிகள் இருந்தன.

1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியாவுக்கு மனுப்போட்டு, கடவுச்சீட்டும் பெற்று, போகாமலே தங்கிவிட்டவர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள். 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் ஒரு பகுதியினரின் பிரச்சினையைத் தீர்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களின் சந்ததியினரையும் பிரஜைகளாக ஏற்றது. அதன் பின் நடந்த விசேட இயக்கத்தில் பத்து நாட்களில் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதிவு செய்யப்பட்டார்கள் என்று அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனம் அறிவித்தது. ஐம்பத்தைந்து வருடம் முடியாது என்றிருந்த காரியம் பத்து நாளில் முடிந்தது. கடுதாசிதான் தடையாக இருந்ததா, மனம்தான் தடையாக இருந்ததா என்ற கேள்விக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வாப்பா அந்த நாளைக் காணவில்லை. 1979இல் மௌத்தானார். அவருடைய கடைசி அனுமதியில் இன்னும் நான்கு மாதம் மீதியிருந்தது. எங்கள் பள்ளி மையவாடியில், உம்மாவின் வாப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கினோம்.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பழைய கடைக் குடும்பங்களில் இன்னும் பெட்டிகள் இருக்கின்றன. பழைய வதிவிட அனுமதிகள், நிராகரிப்புக் கடிதங்கள், தோட்டத்தாருக்காக எழுதிக்கொடுத்த மனுக்களின் பிரதிகள் அவற்றில் கிடக்கலாம். கரையானுக்கும் வெள்ளத்துக்கும் கொடுக்கும் முன் திறந்து பாருங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் எந்த வருடம் போனார்கள், எத்தனை மாதத்தில் திரும்பினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தோட்டத்தாரின் மனுவும் கடைக்காரரின் மனுவும் ஒரே சட்டத்தின் கீழ் போனவை. அந்த வரலாற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மருமகனின் மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. பிரதி ஒன்றை எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.