கட்டத்தை நிரப்புதல்: சென்னை அரூப ஓவியமும் நெய்வேலி நகரியமும்

1957 மே 20 அன்று நெய்வேலியின் முதல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். அதே ஆண்டில் சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வர் பொறுப்பு டி.பி. ராய் சௌத்ரியிடமிருந்து கே.சி.எஸ். பணிக்கருக்கு வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் அச்சுரங்கத்தையொட்டி எழுந்த நெய்வேலி நகரியத்தின் தெருக்களை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பணிக்கரின் ஓவியங்களில் உள்ள கட்டங்கள் இதுவரை சரியாக வாசிக்கப்படவில்லை என்பது புலப்படும்.

வடிவியல் அரூபத்தின் வரலாறு பெரும்பாலும் 1915இல் பெத்ரோகிராத் காட்சியில் வைக்கப்பட்ட மாலேவிச்சின் கறுப்புச் சதுரத்திலிருந்தே சொல்லப்படுகிறது. பொருளுலகிலிருந்து விடுபட்ட தூய வடிவம் என்பதே அங்கே அளவுகோல். அதை வைத்து அளந்தால் இந்திய ஓவியர்கள் தேறுவதில்லை. 1922இல் கல்கத்தாவில் காண்டின்ஸ்கி, பால் கிளீ உள்ளிட்ட பௌஹௌஸ் ஓவியர்களின் காட்சி நடந்தது. அக்காலத்தில் ககனேந்திரநாத் தாகூர் தீட்டிய கனசதுரபாணி ஓவியங்களை, டபிள்யூ.ஜி. ஆர்ச்சர் 1959இல் எழுதிய நூலில் ஐரோப்பியப் பாணியின் வலுவற்ற நகல் என்றே மதிப்பிட்டார். இத்தீர்ப்பு அநியாயமானது. ஐரோப்பியத் தூய்மை தானாகப் பிறந்ததும் அல்ல. அரூப ஓவியர் மோந்திரியான் 1909இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தவர். அச்சபையின் தலைமையகம் 1882 முதல் அடையாற்றில் இருக்கிறது. மாலேவிச் தம் சதுரத்தை மாட்டியதும், ரஷ்ய வீடுகளில் சாமி படம் வைக்கும் மூலையில்தான்.

பணிக்கர் வேறு வழியில் வந்தார். 1963 அளவில், வணிகவியல் மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அவரை ஈர்த்தது. எண்களும் இயற்கணித எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் ஒரே தாளில் நெருங்கிக் கிடந்தன. அதிலிருந்து விளைந்தவையே ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்கள். ரோமன் எழுத்து ஒட்டாமல் போக, மலையாள எழுத்தின் சாயலுக்கு மாறினார். மங்கிய காவித் தளத்தில் மெல்லிய கோடுகள் அட்டவணை போல ஓடுகின்றன. அறைகளுக்குள் எழுத்தைப் போன்ற கிறுக்கல்கள், முக்கோணங்கள், மீன், பறவை. எதையும் படிக்க முடியாது. ஆனால் யாரோ எதையோ கணித்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வு நீங்குவதில்லை. நம் வீட்டு ஜாதகக் கட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது. நான்குக்கு நான்கு சதுரத்தில் நடு நான்கையும் ஒன்றாக்கிவிட்டால் சுற்றிலும் பன்னிரண்டு ராசிகள். ஒவ்வொன்றிலும் கிரகத்தின் பெயர்ச்சுருக்கம். அங்கே சதுரம் என்பது ஒருவரின் பிறப்பு நேரத்தை இருத்தி வைக்கும் இடம். பொருளுலகைத் துறப்பதற்கு அங்கே வேலை இல்லை.

நெய்வேலி இந்த வேறுபாட்டைக் கூர்மையாக்குகிறது. எண்ணிட்ட வட்டங்கள், செங்கோணத்தில் வெட்டும் தெருக்கள், வகை வகையாகப் பிரித்த ஒரே முகப்புடைய குவார்ட்டர்ஸ். இத்திட்டம் வெற்று நிலத்தை முன்னிறுத்திப் போடப்பட்டது. அந்த நிலமோ வெறுமையாக இருக்கவில்லை. கிராமங்களும் முந்திரித் தோப்புகளும் இருந்தன; மக்கள் எழுப்பப்பட்டார்கள். இடத்தைக் காலிசெய்து வாங்கும் கட்டம் இது. அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே மார்கழியில் இன்னொரு கட்டம் விழுகிறது: ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நான்கில் நிறுத்தவும். நடுவரிசையில் ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு, மொத்தம் 37. சிக்குக் கோலமென்றால் இழை எந்தப் புள்ளியையும் தொடாது. ஒவ்வொன்றையும் சுற்றி வளைத்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். புள்ளி இல்லாவிட்டால் இழைக்குப் போக்கில்லை. ஆனாலும் புள்ளி இழையை அடைத்து வைப்பதில்லை.

பணிக்கரின் கட்டம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே என் வாதம். கோலம் சடங்குதானே, ஓவியமல்லவே என்று மறுப்பவர்கள் மாலேவிச்சின் மூலையை நினைத்துப் பார்க்கட்டும். பணிக்கர் கோலத்திலிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. வரையறை முதலில், உயிரோட்டம் அதன்மேல் என்ற கணக்குமுறை இரண்டுக்கும் பொது என்கிறேன். 1966இல் அமைந்த சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் அவரோடு இருந்தவர்களிடம் இது வேறு வேறாகக் கிளைத்தது. ஹரிதாசன் தாந்திரிக யந்திரத்தின் சமச்சீரை நாடினார். அங்கே கட்டம் மறுபடி இறுகிவிட்டதாகவே எனக்குப் படுகிறது. 1968 முதல் பாரீஸில் வாழும் விஸ்வநாதனிடம் முக்கோணங்கள் நிறத்தால் தளர்ந்தன. பணிக்கரின் பாதைக்கு அவரே நெருக்கமானவர்.

கணிதம் இந்த முறையை எப்போதோ கவனித்துவிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணியுடனும் கமலா கிருத்திவாசனுடனும் சேர்ந்து கோலத்துக்கு இலக்கண விதிகள் வகுத்து 1974இல் ஆய்விதழில் வெளியிட்டார். கணினி அறிவியலார் அதை இன்றும் எடுத்தாள்கிறார்கள். சென்னை ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பணிக்கரின் அட்டவணைகளோடு அதைச் சேர்த்து வைத்துப் படிக்கத் தொடங்க வேண்டும். அதற்குமுன் அவரை ‘அரைகுறை அரூபம்’ என்று ஒதுக்கும் உரிமை யாருக்கும் இல்லை.